‘ராத்தா’ ராதாவான கதை: எழுதுகருவிகளும் நமது பேச்சுத் தமிழும்

தரம் பத்து மாணவர்களுக்கு ‘என் குடும்பத்தில் மறக்க முடியாத ஒருவர்’ என்று ஒரு கட்டுரையை ஒப்படையாகக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி தன் மூத்தம்மாவைப் பற்றித் தொலைபேசியில் தயாரித்து, அச்செடுத்துக் கொண்டு வந்தாள். வாசித்துக்கொண்டு போனால், முஸ்லிம் வீட்டுக் கதைக்குள் ராதா என்றொரு பெண் வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள். இரண்டு வரி தள்ளி ‘மருகா’ என்று யாரோ முருகனைக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் ‘மூத்த அம்மா மவுத் ஆகி’ விடுகிறார்.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நான் எழுதல்ல சேர். வாயால சொன்னன், போன் எழுதிச்சு” என்றாள். அவள் சொன்னது ராத்தா. கருவி எழுதியது ராதா. அவள் சொன்னது ‘மறுகா’, அதாவது ‘பிறகு’. கருவி எழுதியது மருகா. மூத்தம்மா மௌத்தாகிய செய்தி ஆங்கில வாயாக மாறிப்போனது. வகுப்பே சிரித்தது. சும்மா சொல்லக்கூடாது, நானும்தான் சிரித்தேன். “திரும்ப வாசித்துப் பார்த்துத் திருத்தியிருக்கலாமே பிள்ளை?” என்று கேட்டேன்.

“அது எழுதினதுதான் சரியான தமிழ் எண்டு நினச்சன் சேர். நாங்க கதைக்கிறதுதானே பிழை.”

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

தொழில்நுட்பம் பற்றி நமது சஞ்சிகைகளில் எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, நன்மை தீமைப் பட்டியல். மற்றது, இளைய தலைமுறை கெட்டுப்போகிறது என்ற புலம்பல். இரண்டிலும் கருவி எங்கிருந்தோ வந்து விழுந்த பொருளாகவே நோக்கப்படுகிறது. மனிதனுக்கும் கருவிக்குமான உறவை அப்படிப் பார்த்தால் அதிகம் விளங்காது. ஒவ்வொரு காலத்திலும் யார் யாருக்காக வளைந்தார்கள், மனிதன் கருவிக்காகவா, கருவி மனிதனுக்காகவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நமது சமூகத்தின் அனுபவத்துக்குள் நின்று இந்தக் கேள்வியை இங்கு கேட்டுப் பார்க்கிறேன்.

வளைக்கப்பட்ட எழுத்து

என் மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடப் பதிவின்படி அவர் எழுத்தறிவில்லாதவர். ஆனால் குர்ஆன் ஓதுவார். அறபுத்தமிழில் அச்சிட்ட மாலைகளை இராகத்தோடு வாசிப்பார். அவருடைய தலைமுறையில் இப்படிப்பட்ட பெண்கள் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழை அவர்கள் அறபு எழுத்தின் வழியாக வாசித்தார்கள்.

அறபு எழுத்தில் தமிழின் ஒலிகள் பலவற்றுக்கு இடமில்லை. பகரம் இல்லை, டகரம், ணகரம், ளகரம், ழகரம், ஙகரம் எதுவும் இல்லை. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறியில்லை. நமது முன்னோர் என்ன செய்தார்கள்? தமிழை அறபுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளவில்லை. இருக்கிற அறபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, இல்லாத ஒலிகளுக்கு எழுத்து உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தையான்’ போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இந்த எழுத்தில்தான் கடல் தாண்டி நமது வீடுகளுக்குள் வந்தன. பேராசிரியர் ம. மு. உவைஸ், தைக்கா ஷுஐபு ஆலிம் போன்றோர் இந்த மரபின் பரப்பை ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் சுட்ட விரும்புவது ஒன்றைத்தான். அங்கே கருவி சமூகத்துக்காக வளைக்கப்பட்டது. வளைத்தவர்கள் அதைப் பயன்படுத்திய மக்களே.

அச்சு வந்தபோதும் இதே பிடிவாதம் இருந்தது. ஈய எழுத்து அச்சுக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி வார்ப்பு வேண்டும். கூட்டிய புள்ளிகளோடு அறபுத்தமிழுக்கு எழுத்து வார்ப்பது இலகுவான காரியமல்ல. கல்லச்சிலே அந்தத் தொல்லை இல்லை. கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறபுத்தமிழ் நூல்கள் பெருமளவில் கல்லச்சில் வந்ததன் சூட்சுமம் இதுதான். இருக்கிற இயந்திரங்களுள் தன் கையெழுத்துக்கு இடம் தருகிற இயந்திரத்தைச் சமூகம் தெரிந்தெடுத்தது.

வளைந்த விரல்கள்

அடுத்து வந்த காலம் நேர்மாறானது. சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போய் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கினார். 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்கியது சாதாரணச் சாதனை அல்ல. தட்டினாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, புள்ளியை மெய்யின் தலையிலே உட்காரவைத்தார். அதற்கு மனிதன் கொடுத்த விலையும் உண்டு. புள்ளியை முதலில் தட்டிவிட்டுப் பிறகுதான் மெய்யைத் தட்ட வேண்டும். ‘ம்’ என்று சொல்லும் வாய்க்கு ஓர் ஒழுங்கு, ‘ம்’ என்று தட்டும் விரலுக்கு வேறோர் ஒழுங்கு.

எழுத்தே வளைந்ததும் உண்டு. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் பழைய கொம்பும் சுழியும் இழந்து இன்றைய வடிவம் பெற்றன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சாளருக்கும் அது பெரிய உபகாரம். என் வாப்பாவோ கடைசி வரைக்கும் பழைய ‘லை’தான் எழுதினார்.

கணினி வந்தபோது இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பழகியது பாமினி எழுத்துரு. ‘கொ’ தட்ட வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலே கை போகும். கணினிக்குள்ளே அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘உம்மா’ என்ற சொல் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழ பதினைந்து வருடங்களாக நமது எழுத்தாளர்களின் கதைகளும் கவிதைகளும் இப்படித்தான் பேஜ்மேக்கர் கோப்புகளாக இறுவட்டுகளில் ஏறின. அவற்றுள் எத்தனையோ அலுமாரிகளில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. கல்லச்சில் வந்த அறபுத்தமிழ்க் கிதாபை இன்றும் விரித்து ஓதலாம். 2003இல் பாமினியில் தட்டிய கவிதையை விரிப்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

1991இல் வெளிவந்த முதலாவது யுனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது நமது மேசைக்கு வந்து சேர வருடங்கள் பிடித்தன. யுனிகோட்டில் ‘கொ’ என்றால் முதலில் க, பிறகு ஒகரக்குறி. வாய் சொல்லும் ஒழுங்கிலே எழுத்து போகிறது. இதைச் சிறிய விடயமாகக் கருத முடியாது. நீண்ட காலத்துக்குப் பிறகு கருவி மறுபடியும் வாயின் பக்கம் திரும்பியது. ஆனால் அதே வருடங்களில்தான் பித்தான் தொலைபேசிகளில் ஆங்கில எழுத்தால் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பி, ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தில் கலந்து பிசைந்தோம். கருவி வாய்க்குக் கிட்ட வந்தது. நாமோ அந்நேரம் வேறொரு எழுத்துக்குள் போயிருந்தோம்.

கடுதாசி எழுதிய பொடியன்

இந்த வரலாற்றில் நானும் ஒரு கருவியாக இருந்திருக்கிறேன்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதற்கு முன்பிருந்தே ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூதூர்ப் பகுதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்ணாகப் போனவர்களின் வீடுகளில், எழுதத் தெரியாத உம்மாமார் கடுதாசி எழுத ஆள் தேடுவார்கள். கையெழுத்து அழகான பொடியன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். திண்ணையில் பாய் போட்டு, எயார் மெயில் தாளை அட்டையில் வைத்து எழுதுவேன்.

ஒரு உம்மா சொல்வார்: “மனே, புள்ளைக்கு ஒள்ளுப்போல சுகமில்லாம இருந்த, இப்ப நல்லம் எண்டு எழுது. மறுகா, ராத்தாட மகள் பெரிய புள்ளையாகிட்டா எண்டும் எழுது.” நான் எழுதியது: “இறையருளால் அனைவரும் நலம். குழந்தைக்குச் சிறிது உடல்நலக் குறைவு ஏற்பட்டிருந்தது. தற்போது பூரண சுகம்.” எழுதி முடித்து வாசித்துக் காட்டினால், “மாஷா அல்லாஹ், நல்லா எழுதிருக்காய்” என்று தலையைத் தடவுவார். தன்னுடைய சொல் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. சவூதியில் இருந்து அந்தக் கடிதத்தைப் பிரித்த மகளுக்கு உம்மாவின் செய்தி போனது. உம்மாவின் வாய் போகவில்லை.

பிறகு கசட் வந்தது. பற்றரி போட்ட றேடியோவில் வெற்றுக் கசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமத்திவிட்டுக் கதைப்பார்கள். கதைக்கத் தொடங்குமுன் அந்த உம்மா என்னை வெளியே போகச் சொன்னார். கடுதாசி எழுதிய காலமெல்லாம் பக்கத்து வீட்டுப் பொடியன் முன்னால் சொல்ல முடியாத எத்தனை விடயங்களை அவர் மனதுக்குள் வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மருமகன் அனுப்பிய காசை என்ன செய்கிறார், பிள்ளை இரவில் யாரைக் கேட்டு அழுகிறது என்பதையெல்லாம் ஒரு பொடியனின் செந்தமிழில் சொல்ல முடியாது. கசட் அவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் உரிமையைக் கொடுத்தது. இன்றைய வட்ஸ்அப் குரல்செய்தி அந்தக் கசட்டின் பேரப்பிள்ளைதான். இப்போது எழுபது வயது உம்மா ஒருவர் தன் விரலால் அமத்திப் பிடித்து நேரே டோஹாவுக்குக் கதைக்கிறார். நடுவில் என்னைப் போல் ஒருவர் தேவையில்லை. தொழில்நுட்பத்தைக் குறை சொல்லுமுன் இந்த நன்மையை ஒத்துக்கொள்வதுதான் நீதி.

ஆனால் குரல்செய்தி குரலாகவே நிற்கும்வரைதான் அந்த உரிமை. குரலை எழுத்தாக்கும் செயலி நடுவில் வந்தவுடன், கடுதாசி எழுதிய பொடியனும் திரும்பி வந்துவிடுகிறான். ‘ஒள்ளுப்போல’ என்றால் ‘சிறிது’ என்று எழுதியவன் நான். ‘ராத்தா’ என்றால் ‘ராதா’ என்று எழுதுகிறது கருவி. என்னிடமாவது விளக்கம் இருந்தது. கருவியிடம் அதுவும் இல்லை. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான்: சொல்கிறவரின் வாயைக் கழுவி, ‘நல்ல தமிழ்’ ஆக்கி அனுப்புவது.

கூண்டில் நிற்பவர் யார்?

இந்தச் செயலிகள் எப்படித் தமிழ் படிக்கின்றன? ஏராளமான ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவங்களையும் கொடுத்துப் பழக்கப்படுகின்றன. கேட்ட ஒலிக்கு ஏறத்தாழ ஒத்துவரும் சொற்களுள், முன்னும் பின்னும் வரும் சொற்களோடு எது அதிகம் பொருந்துமோ அதைத் தெரிந்து எழுதுகின்றன. ‘மருகா’ தமிழ் எழுத்தில் பக்திப் பாடல்களாக எங்கும் நிறைந்து கிடக்கிறது. ‘மறுகா’ எங்கே எழுதிக் கிடக்கிறது? கருவிக்கு நம்மீது பகை ஒன்றுமில்லை. எழுத்தில் இல்லாததை அது எங்கே போய்ப் படிக்கும்?

அப்படியென்றால் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. நமது பேச்சை நாம் ஏன் எழுதவில்லை?

அறிஞர் சித்திலெப்பை 1882இல் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வந்த அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக மதிக்கப்படுகிறது. அதன் கதை மிசிறிலும் இந்தியாவிலும் நடக்கிறது. நம் ஊர் உம்மாவின் பேச்சுக்கு அதில் இடமில்லை. அக்கால உரைநடையின் இயல்பு அது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்த மரபுப் போராட்டத்தை நாம் மறக்கலாகாது. கதைகளில் பேச்சுத் தமிழைக் கையாண்டால் அது ‘இழிசனர் வழக்கு’ என்று ஒரு சாரார் எதிர்த்தார்கள். கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் மக்கள் மொழியின் பக்கம் நின்றார்கள். இலக்கியத்தில் வென்றது மக்கள் மொழிதான். வகுப்பறையில்? அங்கே தோற்ற கட்சிதான் இன்னும் ஆட்சி செய்கிறது. அந்த ஆட்சியின் உத்தியோகத்தர் நான்.

தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன் நான். தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் வைத்தார் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன். அந்தப் பட்டத்தோடு வகுப்புக்குப் போய், பிள்ளைகளின் கொப்பியில் ‘மறுகா’வை வெட்டி ‘பின்னர்’ என்று சிவப்பு மையால் எழுதினேன். ‘மௌத்து’ வந்தால் ‘மரணம்’. ‘ராத்தா’ வந்தால் ‘சகோதரி’. வருடம் தோறும் எத்தனை கொப்பி, எத்தனை வெட்டு! அந்தப் பிள்ளை “நாங்க கதைக்கிறதுதானே பிழை” என்று சொன்னாளே, அதை அவளுக்குத் தொலைபேசி படிப்பிக்கவில்லை. அவள் அதைப் படித்தது என்னிடம், என்னைப் போன்றவர்களிடம். கருவி வந்து அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவே.

இங்கே ஒரு தடை எழும். பொதுத்தமிழ் வேண்டாமா, பரீட்சைத் தாளில் ‘ஒள்ளுப்போல’ என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் தமிழ்நாட்டவரும் நாமும் ஒருவரை ஒருவர் வாசிக்கப் பொதுத்தமிழ் அவசியம். அதைப் படிப்பிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ‘இது இந்த இடத்துக்குப் பொருந்தாது’ என்பது வேறு, ‘இது பிழை’ என்பது வேறு. முதலாவது கல்வி, இரண்டாவது பிள்ளையைத் தன் வீட்டிலிருந்து பிரிப்பது. மூத்தம்மாவைப் பற்றிய கட்டுரையில் மூத்தம்மாவின் சொல் வரக்கூடாது என்றால், பிறகு எங்கேதான் வருவது?

இதை முஸ்லிம்களின் தனிப் பிரச்சினையாகவும் சுருக்கக்கூடாது. கட்டைபறிச்சானில் அடுத்த வளவில் இருக்கும் தமிழ் அம்மாவும் ‘மறுகா’ என்றுதான் சொல்கிறார். சம்பூர்ப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து இங்கே முகாம்களில் வருடக்கணக்காக இருந்தவர்களும் அப்படித்தான் கதைத்தார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் எங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்த காலத்திலும் இந்தச் சொற்கள் இரண்டு பக்கமும் வாழ்ந்தன. கருவி இவற்றைக் கேட்க மறுத்தால் இழப்பு கொட்டியாரக் கரை முழுவதுக்கும்தான்.

நாம் செய்யக்கூடியது

மூதூர் மண்ணின் பெரிய எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ நமக்கெல்லாம் தெரிந்த சிறுகதை. சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் கடற்கரைப் பையனின் கதை அது. கடல் அவனுக்கும் பொதுதான். ஆனால் தோணி அடுத்தவனுடையது என்றால் கடலும் அவனுக்குப் பாதிதான். இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது. ஆனால் அதற்குள்ளே இருக்கிற தமிழ் நம்முடையதா? இந்தக் கேள்வி அந்தப் பையனின் கேள்வியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

அறபுத்தமிழ் எழுதிய முன்னோர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நாமும் கைகட்டி இருக்கத் தேவையில்லை. வழிகள் திறந்தே இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. அலுமாரியில் கிடக்கும் பாமினிக் கோப்புகளையும் பழைய மலர்களையும் அத்தகைய இடங்களுக்குக் கொடுக்கலாம். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘கொமன் வொய்ஸ்’ திட்டத்தில் எவரும் தம் குரலைப் பதிந்து வழங்கலாம். தமிழும் அதில் ஒரு மொழி. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் முதியவர்களின் வாயிலிருந்து கிழக்கிலங்கை முஸ்லிம் கவிகளைச் சேகரித்தார்கள். அவர்களுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கிறது.

என் வகுப்பில் ஒரு சிறிய வேலையைத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் மூத்தம்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ போய், அவர்கள் அனுமதியோடு ஐந்து நிமிடம் கதைக்கச் சொல்லிப் பதிய வேண்டும். அதைக் கேட்டு, கேட்டபடியே கையால் எழுத வேண்டும். ‘திருத்தக் கூடாது’ என்பது ஒன்றே விதி. அடுத்த பக்கத்தில் அதையே பொதுத்தமிழில் எழுத வேண்டும். இரண்டுக்கும் புள்ளி உண்டு. முதல் கிழமையே தெரிந்தது, பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது முதலாவது பக்கம்தான். காதுக்குத் தெரிந்த சொல்லை எழுதக் கை கூசுகிறது. “இத எப்பிடி சேர் எழுதுற?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் அறபுத்தமிழ் எழுதியவர்களும் ஒரு நாள் கேட்டிருப்பார்கள்.

அந்த மாணவியின் ஒப்படையைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘ராதா’வை வெட்டிச் சிவப்பு மையால் ‘ராத்தா’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுகா, மூத்தம்மா, மௌத்து எல்லாவற்றையும் அவ்வாறே எழுதினேன். இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் வீட்டுச் சொல்லைத் திருத்தமாக நான் எழுதிய முதல் கொப்பி அதுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வழங்கி, அகராதியில் காணாத சொற்களைப் பொருளோடும், எந்தச் சந்தர்ப்பத்தில் யார் சொல்வார்கள் என்ற குறிப்போடும் எழுதி இவ்விதழுக்கு அனுப்புங்கள். சொல்பவர் ஹயாத்தோடு இருக்கும்போதே குரலையும் பதிந்து வையுங்கள். கருவிகள் இனியும் மாறும், அதை நம்மால் நிறுத்த முடியாது. அடுத்த கருவி வந்து நம் பிள்ளைகளிடம் கேட்கும்போது, ‘ராத்தா’ என்ற சொல் எங்காவது எழுதிக் கிடக்க வேண்டும்.